டிபி யாரிடமிருந்து பரவுகிறது?

வீட்டில் ஒருவருக்கு டிபி என்று தெரிந்தால் முதலில் நடப்பது பாத்திரம் பிரிப்பதுதான். தட்டு தனி, டம்ளர் தனி, துண்டு தனி. சிலர் அவர் தொட்ட கதவுப் பிடியைக்கூடத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். இதில் ஒன்றுகூட டிபியைத் தடுக்காது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கை கொடுப்பதாலோ, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலோ அந்தக் கிருமி பரவுவதில்லை. அது பரவுவது காற்றில், அதுவும் பெரும்பாலும் தனக்கு டிபி இருப்பதே இன்னும் தெரியாத ஆளிடமிருந்து. மாத்திரை சாப்பிட ஆரம்பித்துவிட்டவரை ஒரு மூலையில் ஒதுக்கி வைத்துவிட்டு, மூன்று மாதமாக இருமிக்கொண்டே "சும்மா சளிதான்" என்று சமாளிக்கிறவர் பக்கத்தில் மூடிய அறையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்போம். டிபி விஷயத்தில் நம் பயம் ஆள் மாறிப் போயிருக்கிறது. அது ஏன் என்று புரிய அந்தக் கிருமியின் சுபாவத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிருமியின் பெயர் மைக்கோபாக்டீரியம் டியூபர்குலோசிஸ். ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் இதைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அந்தத் தேதியில்தான் இப்போது உலகக் காசநோய் நாள் வருகிறது. அதற்கு முன்பு இதைப் பரம்பரை நோய் என்று நம்பிய மருத்துவர்கள் ஏராளம், அந்த நம்பிக்கையிலும் ஒரு நியாயம் இருந்தது. அம்மாவுக்கு வரும், பல வருடம் கழித்து மகளுக்கு வரும், அப்புறம் பேரனுக்கு. அம்மை மாதிரி இரண்டு வாரத்தில் ஒரு தெருவே படுத்துவிட்டால் தொற்று என்று யாருக்கும் புரிந்துவிடும். தொற்றியதற்கும் படுத்ததற்கும் நடுவில் பத்து வருடம் ஓடிவிட்டால் எப்படிப் புரியும்? வில்மன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1865-லேயே, டிபியால் இறந்தவர் உடலிலிருந்து எடுத்ததை முயலுக்குள் செலுத்தி முயலுக்கும் அதே நோய் வருவதைக் காட்டினார். அவர் சொன்னதை அப்போது அதிகம் பேர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த மந்தகதிதான் டிபியைப் புரிந்துகொள்ளச் சாவி. வயிற்றில் வாழும் ஈ-கோலை பாக்டீரியா நல்ல சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். டிபி கிருமிக்கு அதே வேலைக்கு ஏறத்தாழ முக்கால் நாளிலிருந்து ஒரு நாள் வரை ஆகும். அதைச் சுற்றி மெழுகு போன்ற கொழுப்பால் ஆன தடிமனான சுவர் இருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்காக ஏற்றும் சாதாரணச் சாயம் அதில் ஏறாது, பல மருந்துகள் உள்ளே நுழையாது, நம் நோய் எதிர்ப்பு செல்கள் விழுங்கினாலும் எளிதில் செரிக்காது. ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்து முடிவு சொல்ல வாரக்கணக்கில் ஆவதும், மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டியிருப்பதும் இதனால்தான்.

சரி, காற்றில் பரவுகிறது என்று எப்படித் தெரியும்? எனக்கு மிகவும் பிடித்த மருத்துவப் பரிசோதனைகளில் ஒன்று இதற்காக நடந்ததுதான். அமெரிக்காவின் பால்டிமோரில் 1950-களின் கடைசியில் ரிச்சர்ட் ரைலி என்பவரும் அவர் குழுவும் ஒரு டிபி வார்டிலிருந்து வெளியேறும் காற்றைக் குழாய் வழியாக மேலே கொண்டுபோய், அங்கே கூண்டுகளில் இருந்த கினிப்பன்றிகள் மேல் விட்டார்கள். அந்தக் கினிப்பன்றிகள் ஒரு நோயாளியையும் பார்க்கவில்லை, யாரும் அவற்றைத் தொடவில்லை, ஒரே பாத்திரமும் இல்லை. வார்டுக்காரர்கள் மூச்சுவிட்ட காற்று மட்டும்தான். ஒவ்வொன்றாக அவற்றுக்கு டிபி தொற்றியது. அதே காற்றைப் புற ஊதாக் கதிர் வழியாக அனுப்பி இன்னொரு கூண்டுக் கூட்டத்துக்கு விட்டபோது அவற்றுக்குத் தொற்றவில்லை. அதைவிட முக்கியமானது, எந்தக் கினிப்பன்றிக்கு எந்த நோயாளியின் கிருமி போயிருக்கிறது என்று தேடிப் பார்த்ததில் கிடைத்தது: வார்டில் இருந்த எல்லோரும் சமமாகப் பரப்பவில்லை. ஒரு சிலர்தான் பெரும்பாலான தொற்றுக்குக் காரணம். சரியான மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள், எடுக்காதவர்களைவிட மிகமிகக் குறைவாகவே பரப்பினார்கள்.

இருமும்போதும் பேசும்போதும் பாடும்போதும் வாயிலிருந்து துளிகள் தெறிக்கின்றன. பெரிய துளிகள் சட்டென்று கீழே விழுந்துவிடும். சின்னத் துளிகளில் இருக்கும் நீர் நொடியில் ஆவியாகி, ஒன்றிலிருந்து ஐந்து மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்) அளவுக்கு ஒரு துணுக்கு மிஞ்சும். அதற்குள் ஒன்றிரண்டு கிருமிகள் இருந்தால் போதும். ஊதுபத்திப் புகை மாதிரி அது அறை முழுக்கப் பரவி மணிக்கணக்கில் மிதக்கும், இருமியவர் எழுந்து போன பிறகும்கூட. இந்த அளவுதான் விஷயமே. துளி பெரிதாக இருந்தால் மூக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும், அங்கே டிபி கிருமியால் காலூன்ற முடியாது. நுரையீரலின் கடைக்கோடியில் இருக்கும் காற்றுப்பைகள் வரை போய்ச் சேர்ந்தால்தான் அதற்குப் பிழைப்பு. தட்டிலும் துண்டிலும் ஒட்டியிருக்கும் கிருமி மறுபடி அந்த அளவுக்குப் பொடியாகிக் காற்றில் ஏறாது. ஆகவே தட்டைப் பிரிப்பதில் பயனில்லை, ஜன்னலைத் திறப்பதில் இருக்கிறது. காற்று ஓட்டம் கிருமியை வெளியே தள்ளிவிடும். வெயில் அதைக் கொன்றுவிடும்.

ஒரு தடவை பக்கத்தில் இருமினார் என்பதற்காக யாரும் பதற வேண்டியதில்லை. பொதுவாக நாள்கணக்கில், ஒரே அறையில், காற்றோட்டம் இல்லாத இடத்தில் சேர்ந்திருந்தால்தான் வாய்ப்பு அதிகம். வீடு, விடுதி, சிறை, சுரங்கம் எல்லாம் அதனால்தான் டிபிக்குப் பிடித்த இடங்கள். சிகிச்சை பெறாத ஒருவர் ஒரு வருடத்தில் நெருங்கிப் பழகும் ஐந்திலிருந்து பதினைந்து பேருக்குத் தொற்றவைக்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லிவந்த கணக்கு.

இனி உள்ளே போன கிருமிக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம். பெரும்பாலானவர்கள் குழம்புவது இங்கேதான். காற்றுப்பையில் காவலுக்கு இருக்கும் பெருவிழுங்கி செல்கள் அதை விழுங்குகின்றன. சாதாரண பாக்டீரியா என்றால் கதை அங்கேயே முடிந்துவிடும். டிபி கிருமி, விழுங்கிய செல்லுக்குள்ளேயே குடியிருக்கப் பழகியது. உடம்பும் விடாது, மேலும் மேலும் செல்களை அனுப்பி அதைச் சுற்றி வளைத்து ஒரு சிறு முடிச்சாக்கிவிடும். பெரும்பாலானவர்களுக்கு இந்த இழுபறி வாழ்நாள் முழுக்க வெளியே தெரியாமலே நடக்கும், பலர் உடம்பிலிருந்து கிருமி முழுதாகவே ஒழிந்தும் போயிருக்கலாம். உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு டிபி தொற்றியிருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். பயப்பட வேண்டாம், அவர்களுக்கு நோய் இல்லை. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, அவர்களிடமிருந்து யாருக்கும் பரவாது. தொற்றியவர்களில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாக வெடிக்கும், அதிலும் பெரும்பகுதி தொற்றிய முதல் இரண்டு வருடத்துக்குள்.

அந்த ஐந்து பத்துப் பேர் யார்? ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகள் முதல் வரிசை. எச்ஐவி உள்ளவர்கள் இன்னும் ஆபத்தில். சிகிச்சை பெறாத எச்ஐவி இருந்தால், மற்றவர்களுக்கு வாழ்நாள் முழுக்க இருக்கும் அபாயம் இவர்களுக்கு ஒரே வருடத்தில் வந்துவிடும். சர்க்கரை நோய் இருந்தால் அபாயம் இரண்டு மூன்று மடங்கு. புகை, மது, கல் உடைக்கும் தூசி, மூட்டுவாதத்துக்குக் கொடுக்கப்படும் சில எதிர்ப்புக் குறைப்பு ஊசிகள் எல்லாம் பட்டியலில் உண்டு. ஆனால் உலக அளவில் அதிகம் பேரை நோயில் தள்ளுகிறவற்றில் முக்கியமானது சத்துக்குறைவு. இதை வெறும் அனுமானமாகச் சொல்லவில்லை. ஜார்க்கண்டில் டிபி நோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதாமாதம் தானியமும் பருப்பும் வைட்டமினும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-ல் வெளியானது. சாப்பாடு கிடைத்த குடும்பங்களில் புதிதாக டிபி வந்தது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. ஒரு தடுப்பூசி இதைச் செய்திருந்தால் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியாகியிருக்கும்.

முடிச்சு உடையும்போதுதான் நோய் பரவும் நோயாகிறது. நடுப்பகுதி அழுகிப் பாலாடைக்கட்டி போலக் குழைந்து, பக்கத்தில் இருக்கும் மூச்சுக்குழாயை அரித்துக்கொண்டு திறந்துகொள்ளும். உள்ளே ஒரு பள்ளம் விழும். காற்று தாராளமாகக் கிடைப்பதால் கிருமி அங்கே கோடிக்கணக்கில் பெருகும், ஒவ்வொரு இருமலிலும் வெளியே வரும். இதில் ஒரு விசித்திரம் உண்டு. அந்தப் பள்ளத்தைப் பெரிதாக்குவது நம் நோய் எதிர்ப்பின் ஆவேசமும்தான். எதிர்ப்பு மிகவும் குறைந்துபோன எச்ஐவி நோயாளிகளுக்குப் பள்ளம் விழுவதே குறைவு, எக்ஸ்ரேகூடச் சில சமயம் சுத்தமாக இருக்கும், சளியிலும் கிருமி அகப்படாது. ஆனால் நோய் உடம்பு முழுக்கப் பரவியிருக்கும்.

அறிகுறிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான்: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, பசியின்மை, எடை இறக்கம், சிலருக்குச் சளியில் ரத்தம். ரத்தம் வந்தால்தான் டிபி என்று காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது தவறு. அதைவிடச் சிக்கலானது, பல நாடுகளில் வீடுவீடாகப் போய் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த கணக்கெடுப்புகளில், கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் தங்களுக்கு இருமல் போன்ற தொந்தரவு எதுவும் இருப்பதாகவே சொல்லவில்லை. இருமல் இருந்தவர்களும் பல சமயம் சிரப், ஆன்டிபயாட்டிக் என்று இரண்டு மூன்று சுற்று ஓட்டியிருப்பார்கள். லெவோஃப்ளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகள் டிபி கிருமியையும் அரைகுறையாக அடக்கும். நாலு நாள் தேவலை மாதிரி இருக்கும், பரிசோதனையில் கிருமி அகப்படாது, அப்புறம் மறுபடி ஆரம்பிக்கும்.

நுரையீரலில் மட்டும்தான் வரும் என்பதும் இல்லை. முடியையும் நகத்தையும் தவிர உடம்பில் எங்கும் டிபி வரலாம் என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு. கழுத்தில் நெறிகட்டி, நுரையீரல் உறையில் நீர், முதுகெலும்பு, மூளை உறை என்று எங்கெங்கோ. இப்படி நுரையீரலுக்கு வெளியே மட்டும் இருந்தால் பொதுவாகப் பிறருக்குப் பரவாது. கழுத்தில் கட்டி வந்த பெண்ணுக்குத் தனித் தட்டு போடுவது இரட்டை அநியாயம்.

பரிசோதனையைப் பற்றி ஒரு விஷயம் மட்டும் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதி தவறு இங்கேதான் நடக்கிறது. குப்பியில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் எதுவும் தெரியாது. காலையில் வாயைக் கொப்பளித்துவிட்டு, ஆளில்லாத திறந்தவெளியில் நின்று, இரண்டு மூன்று முறை மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்து விட்டு, அடிநெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். கெட்டியாக, கொழகொழவென்று வருவதுதான் சளி. அதைச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது கோக் காலத்து முறையின் வாரிசு. ஒரு மில்லி சளியில் ஆயிரக்கணக்கில் கிருமி இருந்தால்தான் கண்ணில் படும். ஆகவே 'இல்லை' என்று வந்தால் இல்லை என்று அர்த்தமில்லை. 2010-ல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஜீன்எக்ஸ்பர்ட் போன்ற மூலக்கூறு சோதனைகள் கிருமியின் மரபணுவையே தேடுகின்றன. இரண்டு மணி நேரத்தில் டிபி இருக்கிறதா என்பதோடு, ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்து அதற்கு வேலை செய்யுமா என்பதையும் சொல்லிவிடும். சளி எடுக்கத் தெரியாத சின்னக் குழந்தைகளுக்கு, அவர்கள் விழுங்கிய சளி வயிறு வழியாக வருவதால், மலத்திலேயே இந்தச் சோதனையைச் செய்யலாம். கையில் போடும் மாண்டோ ஊசியும் இக்ரா ரத்தப் பரிசோதனையும் தொற்று எப்போதோ நடந்ததா என்று மட்டும்தான் சொல்லும். இப்போது நோய் இருக்கிறதா என்று அவற்றுக்குத் தெரியாது. மாண்டோ வீங்கிவிட்டது என்பதற்காக மட்டும் ஆறு மாத டிபி சிகிச்சையை ஆரம்பித்துவிடக் கூடாது.

ஆறு மாதம், நாலு மருந்து. ஏன் இவ்வளவு? விடை 1940-களில் கிடைத்தது. ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல் கண்டுபிடிக்கப்பட்டது, அதுதான் டிபியை அடித்த முதல் ஆன்டிபயாட்டிக். பிரிட்டனில் நடந்த புகழ்பெற்ற சோதனையின் முடிவு 1948-ல் வந்தது: ஆறு மாதத்தில் ஊசி போட்டவர்கள் அபாரமாகத் தேறியிருந்தார்கள். அப்புறம் பலர் சரிந்தார்கள். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால், போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. ஒரு பள்ளத்தில் பத்துக் கோடிக் கிருமி இருக்கிறது என்றால், எந்த மருந்தும் தொடுவதற்கு முன்பே அதில் சில, தற்செயலான மரபணு மாற்றத்தால், அந்த மருந்துக்கு அடங்காதவையாக இருக்கும். ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றவை செத்து, அடங்காதவை இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஐசோநியாசிடுக்கு அடங்காதது ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒன்று, ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது பத்துக் கோடியில் ஒன்று என்றால், இரண்டுக்கும் சேர்த்து அடங்காதது அந்த உடம்பில் இருக்கவே வாய்ப்பில்லை. கூட்டு மருந்தின் கணக்கு இவ்வளவுதான்.

முதல் இரண்டு மாதம் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்பியூட்டால். அடுத்த நாலு மாதம் பைராசினமைடு இல்லாமல். முதல் சில வாரத்திலேயே சுறுசுறுப்பாகப் பெருகும் கிருமிகள் செத்துவிடும், காய்ச்சல் போகும், பசி வரும், எடை ஏறும். ஆபத்தான கட்டம் அதுதான். உள்ளே பெருகாமல் சோம்பிக் கிடக்கும் கிருமிகள் மிச்சம் இருக்கும், அவற்றைத் துரத்தித் தீர்க்கத்தான் மிச்ச மாதங்கள். நோயாளி இடையில் நிறுத்துவதை எல்லோரும் அலட்சியம் என்று திட்டுகிறார்கள், எனக்கு அது முழுக்க நியாயமாகப் படவில்லை. உடம்பு நன்றாக இருக்கும்போது தினமும் குமட்டலோடு மாத்திரை விழுங்குவது லேசான காரியமில்லை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்று முன்கூட்டியே யாரும் சொல்லாவிட்டால் பயந்தே நிறுத்திவிடுவார்கள் (அது ரிஃபாம்பிசினின் நிறம், தீங்கில்லை). கண் மஞ்சளானாலோ, பார்வை மங்கினாலோ, கைகால் மரத்துப்போனாலோ மட்டும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மருந்து கிடைக்காமல் விட்டுப்போகிற இடங்களில் நோயாளியைக் குறை சொல்லி என்ன பயன்?

ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்குமே அடங்காத டிபியைப் பன்மருந்து எதிர்ப்பு டிபி என்கிறார்கள். மருந்தை விட்டவர்களுக்கு மட்டும்தான் அது வரும் என்பது பழைய எண்ணம். அத்தகைய கிருமி அப்படியே காற்றில் வந்து, வாழ்நாளில் ஒரு மாத்திரைகூட எடுக்காதவருக்கும் தொற்றும். முன்பு இதற்கு ஒன்றரை இரண்டு வருடம், மாதக்கணக்கில் தினமும் ஊசி, சிலருக்குக் காது கேட்காமலே போகும். 2012-ல் வந்த பெடாகுவிலின் அதை மாற்றியது. இப்போது பலருக்கு ஆறு மாதம், வெறும் மாத்திரையில் முடிகிறது.

முதலில் சொன்ன ஆள் மாறாட்டத்துக்கு வருவோம். சிகிச்சை தொடங்கினால் பரவுவது எவ்வளவு சீக்கிரம் குறைகிறது? 1950-களில் சென்னையில் நடந்து 1959-ல் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு விடை சொன்னது. அதுவரை டிபி நோயாளியை ஊரைவிட்டுத் தள்ளி சானட்டோரியத்தில் மாதக்கணக்கில் வைப்பதுதான் உலக வழக்கம். அந்த ஆய்வில் ஒரு பகுதியினரை சானட்டோரியத்திலும், இன்னொரு பகுதியினரை அவர்களுடைய நெரிசலான வீடுகளிலேயேயும் வைத்து அதே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள். அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு, சானட்டோரியம் போனவர்களின் குடும்பத்தாரைவிட அதிகமாக நோய் வரவில்லை. தொற்ற வேண்டியது, நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே தொற்றியிருந்தது. உலகம் முழுக்க சானட்டோரியங்கள் காலியானதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கிருமி கொடுக்கும் மருந்துக்கு அடங்கக்கூடியதாக இருந்தால், முதல் இரண்டு வாரத்தில் பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும் என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். அந்தச் சில நாள் மாஸ்க், திறந்த ஜன்னல், தனியாகத் தூக்கம், அவ்வளவு போதும்.

ஆகவே தட்டைப் பிரிக்கும் நேரத்தில் செய்ய வேண்டிய வேலை, வீட்டில் இருக்கும் மற்ற எல்லோரையும் பரிசோதனைக்கு அழைத்துப் போவது. நோய் இருந்தால் சிகிச்சை. இல்லாவிட்டால், குறிப்பாகக் குழந்தைகளுக்கும் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கும், தடுப்பு மாத்திரை. ஐசோநியாசிட் ஆறு மாதம் என்பது பழைய முறை, வாரம் ஒருமுறை வீதம் பன்னிரண்டு வாரத்தில் முடியும் முறையும் இப்போது உண்டு. தட்டைப் பிரிப்பது வெறும் வீண்வேலை என்றால்கூடப் பரவாயில்லை, அதைப் பார்க்கிற அடுத்த ஆள் தன் இருமலை மறைக்கக் கற்றுக்கொள்கிறார். 2023-ல் மட்டும் உலகில் 1.08 கோடிப் பேருக்கு டிபி வந்தது, 12.5 லட்சம் பேர் இறந்தார்கள். மருந்து கண்டுபிடித்து எழுபது எண்பது வருடம் ஆன நோய்க்கு இது.

தடுப்பூசி இருக்கிறதே என்று கேட்கலாம். கால்மெட், கெரான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் மாட்டு டிபி கிருமியைப் பதின்மூன்று வருடம் திரும்பத் திரும்ப வளர்த்து வலுவிழக்கச் செய்து உருவாக்கிய பிசிஜி, 1921-லிருந்து மனிதர்களுக்குப் போடப்படுகிறது. குழந்தைகளுக்கு மூளை உறை டிபி போன்ற கொடிய வகைகள் வராமல் அது நன்றாகவே காக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் டிபியை அதை நம்பித் தடுக்க முடியாது, பரப்புகிறவர்களோ பெரியவர்கள்தான். நூறு வருடமாக இந்த இடம் காலியாகவே இருக்கிறது. இப்போது எதிர்பார்க்கப்படுவது எம்72 என்ற தடுப்பூசி. ஏற்கெனவே தொற்றியிருந்த பெரியவர்களிடம் நடந்த நடுக்கட்டச் சோதனையில், மூன்று வருடத்தில் நுரையீரல் டிபி வருவதை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. 2024-ல் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஏறத்தாழ இருபதாயிரம் பேரை வைத்துப் பெரிய சோதனை தொடங்கியது. ஊசி போட்டுவிட்டு, அவர்களில் யாருக்கு நோய் வருகிறது என்று வருடக்கணக்கில் காத்திருந்துதான் பார்க்க வேண்டும். இந்தக் கிருமியை வைத்துக்கொண்டு அதைவிட வேகமாக எதையும் நிரூபிக்க முடியாது.